சேற்றில் விழுந்தால் தூக்க முடிகிற வண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறையப் பேர் ஒரே ரக வண்டியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். தார்ச் சாலையில் தொலைதூரம் போக வேண்டும், ஆற்றங்கரை மண்பாதையிலும் இறங்க வேண்டும், விலை கைக்கு அடங்க வேண்டும். அட்வெஞ்சர் பைக், டூயல் ஸ்போர்ட் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்து விற்கிற இந்த நடுத்தர வண்டிகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணே, வணக்கம். எனக்குத் திருவையாறு பக்கம். கும்பகோணத்தில் வேலை, தினமும் போகவர அறுபது எழுபது கிலோமீட்டர் ஆகிறது. குடமுருட்டிக் கரையில் வயல் இருக்கிறது, காலையில் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து ஒரு நடை போய் வருவேன். வருஷத்துக்கு இரண்டு தடவை கொல்லிமலை, வால்பாறை என்று மனைவியோடு போக ஆசை. ஒரு தடவையாவது லடாக் போக வேண்டும். உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வெஞ்சர், ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210, சுசூகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் நான்கும் மனதில் இருக்கின்றன. யூடியூப் பார்த்துப் பார்த்துக் குழப்பம்தான் மிச்சம். எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது லடாக் இல்லை, அப்பாவோடு போகிற அந்தக் காலை நடைதான். லடாக் வாழ்நாளில் ஒரு முறை. குடமுருட்டிக் கரை வருஷத்தில் முந்நூறு நாள். அந்தக் கரை ஐப்பசி கார்த்திகையில் எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வண்டியை விமர்சனம் செய்கிறவர்கள் யாரும் அந்தச் சேற்றைப் பார்த்ததில்லை. அவர்கள் ஓட்டிக் காட்டுவது சரளை மண், பாறை, செம்மண். நம்முடையது வண்டல் களி. காய்ந்தால் சிமெண்டுத் தரை, நனைந்தால் சோப்பு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் தாளடி நடவு நேரத்தில், நண்பருடைய கனமான அட்வெஞ்சர் வண்டியை வாங்கிக்கொண்டு வெண்ணாற்றுக் கரையில் தனியாகப் போனேன். இரவு பெய்த மழை விட்டிருந்தது. ஐந்நூறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன். முன்சக்கரம் சுற்றுவது கனத்துக்கொண்டே வந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே களி ஏறி ஏறி அடைத்து, கடைசியில் சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிட்டது. வண்டி அப்படியே வலப்பக்கம் சாய்ந்தது. கால் ஊன்றினேன், செருப்பு சேற்றில் வழுக்கியது, வண்டி படுத்துவிட்டது. அடி எதுவும் இல்லை. ஆனால் அதை நிமிர்த்த எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அப்போதும் முடியாமல், நடவுக்குப் போய்க்கொண்டிருந்த நான்கு பெண்கள் கட்டிவந்த சாப்பாட்டுத் தூக்கைக் கரையில் வைத்துவிட்டு வந்து கை கொடுத்ததால்தான் வண்டி நின்றது. பிறகு கருவேலங்குச்சி ஒடித்து மட்கார்டுக்குள் இருந்த களியை நோண்டி எடுத்தேன். ஒரு கூடை சேறு இருந்திருக்கும்.

அன்றிலிருந்து இந்த ரக வண்டியை யார் கேட்டாலும் முதலில் எடையைத்தான் பேசுகிறேன். கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் நெல் 40 கிலோ என்பது உங்களுக்குத் தெரியும். பெட்ரோல் நிரப்பிய ஹிமாலயன் 450 வண்டியின் எடை 196 கிலோ, ஏறக்குறைய ஐந்து சிப்பம். கேடிஎம் 390 அட்வெஞ்சர் 180 கிலோவை ஒட்டி வரும், நாலரை சிப்பம். எக்ஸ்பல்ஸ் 210, வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் இரண்டும் 170 கிலோவுக்குள்ளேயோ அதை ஒட்டியோ நிற்கும். பழைய எக்ஸ்பல்ஸ் 200 நான்கு வால்வு வண்டி 159 கிலோ, ஏறக்குறைய நான்கு சிப்பம். சேற்றில் தனியாக நின்றுகொண்டு ஐந்து சிப்பத்தைத் தூக்குவதற்கும் நான்கு சிப்பத்தைத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் தூக்கியவருக்குத் தெரியும். அதோடு நீங்கள் அப்பாவை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். வண்டி சாய்ந்தால் அவரும் சாய்வார். அந்த நேரத்தில் உங்கள் ஒற்றைக் கால் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதுதான் கேள்வி.

அடுத்தது சக்கரம். ஹிமாலயன் 450, எக்ஸ்பல்ஸ் 210, கேடிஎம் 390 அட்வெஞ்சர் ஆகியவற்றில் முன்சக்கரம் 21 அங்குலம், ஸ்போக். பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் அதன்மேல் உருண்டு ஏறும். வரப்பு மேட்டில் ஏறி இறங்கும்போது கை அதிராது. வி-ஸ்ட்ராமில் 19 அங்குல அலாய் வீல். தார்ச் சாலை வளைவில் அது சுறுசுறுப்பாகத் திரும்பும், டியூப்லெஸ் டயர் என்பதால் பஞ்சரானாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், ஓரம் கட்ட நேரம் கிடைக்கும். ஆனால் பெரிய பள்ளத்தில் வேகமாக விட்டால் அலாயின் விளிம்பு நசுங்கும். ஸ்போக் வீலை ஊரிலேயே கோட்டம் எடுத்துவிடலாம். ஸ்போக் வீலில் டியூப் இருக்கும் வண்டியை எடுத்தால் 21 அங்குல டியூப் ஒன்றை சீட்டுக்கு அடியிலோ பையிலோ எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிடுவார், ஆனால் அந்த அளவில் புது டியூப் அவர் கடையில் தொங்காது. பின்சக்கர டியூப் வழியில் கிழிந்துபோனாலும் அவசரத்துக்கு இந்த 21 அங்குல டியூபையே உள்ளே போட்டு மெதுவாக வீடு வந்து சேர்ந்தவர்கள் உண்டு.

எஞ்சின் பலம் பற்றி: ஹிமாலயன் 450 வண்டியில் 452 சிசி, 40 குதிரைத்திறன். கேடிஎம் 399 சிசி, 46. எக்ஸ்பல்ஸ் 210 வண்டியில் 24.6, வி-ஸ்ட்ராமில் 26.5. நெடுஞ்சாலையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். தஞ்சாவூர் தாண்டி திருச்சி நான்குவழிச் சாலையில் மனைவியையும் இரண்டு பையையும் ஏற்றிக்கொண்டு நூறுக்கு மேல் நிதானமாகப் போக வேண்டுமானால் ஹிமாலயன் பதறாது. எக்ஸ்பல்ஸில் எண்பது, தொண்ணூறில் சந்தோஷமாகப் போகலாம், அதற்கு மேல் முந்துவதற்கு இடம் பார்த்துத்தான் முந்த வேண்டும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளும் கொல்லிமலையின் 70 வளைவுகளும் வேகம் கேட்காத பாதைகள். அங்கே எடை குறைந்த வண்டி கையில் பொம்மை மாதிரி திரும்பும்.

ஆகவே என் பதில்: எக்ஸ்பல்ஸ் 210. தினசரி கரைப்பாதை, பின்னால் வயதான அப்பா, ஐந்தடி ஆறு அங்குல உயரம் இந்த மூன்றுக்கும் அதுதான் பொருந்துகிறது. ஹீரோவுக்குச் சின்ன ஊரில்கூட சர்வீஸ் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். ஆனாலும் இந்த மாடலுக்கு உதிரிப் பாகம் அங்கேயே இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள், கிளட்ச் கேபிளும் பிரேக் பேடும் எத்தனை நாளில் வரும் என்று குறிப்பாகக் கேளுங்கள். வயலுக்குப் போகவர வீட்டில் இன்னொரு வண்டி இருந்து, இதைப் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வீர்கள் என்றால் என் பதில் ஹிமாலயன் 450 என்று மாறிவிடும். கேடிஎம் அருமையான வண்டி, ஆனால் அதன் பலம் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான் எழும். சேற்றில் முதல் கியரில் ஊர்ந்து போகிறவருக்கு அந்தப் பலத்தால் உபயோகம் குறைவு. தார்ச் சாலையே பிரதானம், எப்போதாவதுதான் மண்ணில் இறங்குவேன் என்கிறவர்கள் வி-ஸ்ட்ராமையும், ஓசூரில் தயாராகி 2025 அக்டோபரில் வந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்க்கலாம்.

லடாக்? எக்ஸ்பல்ஸில் போய் வரலாம். 13 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 35 கொடுத்தால் நானூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். இல்லையென்றால் அங்கேயே போய் வாடகைக்கு எடுங்கள். ஒரு மாதப் பயணத்துக்காகப் பத்து வருஷம் ஐந்து சிப்பம் சுமக்க வேண்டாம்.

டெஸ்ட் ரைடு போகும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே காலால் உந்திச் சின்னச் சரிவில் வண்டியைப் பின்னுக்கு ஏற்றிப் பாருங்கள். பிறகு அப்பாவையும் அழைத்துப் போய் உட்கார வையுங்கள். இந்த வண்டிகளில் பின்சீட்டு உயரம். வேட்டி கட்டிய பெரியவர் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடிகிறதா என்று பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: சார், நான் மன்னார்குடியில் ஆசிரியை. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். பத்து வருஷமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், கல்லூரியில் படிக்கும்போது அண்ணனுடைய பைக்கும் ஓட்டியிருக்கிறேன். மகளோடு முத்துப்பேட்டை, வேதாரண்யம், ஏற்காடு என்று போக வேண்டும் என்று ஆசை. ஷோரூமில் "மேடம், உங்களுக்கு இந்த வண்டி எட்டாது" என்று உட்காரக்கூட விடவில்லை. உண்மையிலேயே எட்டாதா?

பதில்: அம்மா, உட்கார விடாதது தவறு. அந்தக் கடையை விட்டுவிட்டு வேறு கடைக்குப் போங்கள்.

சீட் உயரத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். யெஸ்டி கம்பெனியின் அட்வெஞ்சர் 815 மில்லிமீட்டர், ஹிமாலயன் 450 வண்டி 825, எக்ஸ்பல்ஸ் 210 வண்டி 830, வி-ஸ்ட்ராம் 835. இந்த இருபது மில்லிமீட்டர் ஒரு விரல் கனம். அதைவிடப் பெரிய வித்தியாசம் சீட்டின் அகலத்தில் இருக்கிறது. சீட்டின் முன்பகுதி ஒடுங்கியிருந்தால் கால் நேராகக் கீழே இறங்கும், அகலமாக இருந்தால் தொடை விரிந்து அதே உயரத்திலேயே பாதம் எட்டாமல் போகும். உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பதும் சேரும். எடை குறைந்தவர் உட்கார்ந்தால் குறைவாகத்தான் இறங்கும். பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை மெக்கானிக்கிடம் சொல்லி ஒரு படி தளர்த்தினால் கொஞ்சம் இறங்கும். அதற்கென்று இருக்கிற தாழ்ந்த சீட் சில மாடல்களுக்குக் கம்பெனியே விற்கிறது, கேளுங்கள். ஷாக் லிங்க்கை மாற்றி வண்டியையே தாழ்த்தித் தருகிறேன் என்று வெளிக்கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டி நடந்துகொள்கிற விதமே மாறிவிடும், சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி நிமிர்ந்து நின்று மறுபக்கம் விழும்.

இரண்டு பாதமும் முழுதாக ஊன்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இடது பாதம் முழுக்க ஊன்றி, வலது கால் பிரேக்கில் இருக்கப் பழகினால் போதும். ஸ்கூட்டர் ஓட்டியவர்கள் இரண்டு காலையும் ஒன்றாக இறக்கிப் பழகியிருப்பார்கள், அதை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். ஒரு வாரம் பள்ளி மைதானத்தில் பழகுங்கள். அங்கேயே வண்டியைப் புல்லில் மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்து, தூக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்து, கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை வெளியே இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நிமிர்த்திய வேகத்தில் அந்தப் பக்கம் விழும். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, குனியாமல் காலால் உந்திப் பின்னால் நடங்கள். கைபலம் அதிகம் தேவைப்படாது.

உங்கள் மூன்று ஊரும் முழுக்கத் தார்ச் சாலைதான். எனவே வி-ஸ்ட்ராமிலும் எக்ஸ்பல்ஸிலும் உட்கார்ந்து பாருங்கள், எதில் பாதம் பதிகிறதோ அதை எடுங்கள். இரண்டிலும் பதியவில்லை என்றால் யெஸ்டியைப் பாருங்கள், ஆனால் அது கனம் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். 450 சிசி வண்டி ஒன்றுக்கு ஷோரூமில் கொட்டேஷன் வாங்கினேன். விளம்பரத்தில் போட்ட விலைக்கும் ஆன்-ரோடு விலைக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஹேண்ட்லிங் சார்ஜ், ஆக்சசரீஸ் பேக், இன்சூரன்ஸ் எல்லாம் கட்டாயம் என்கிறார்கள். எதைக் கொடுக்க வேண்டும், எதை மறுக்கலாம்?

பதில்: கொட்டேஷனை எழுத்தில் வாங்கியது நல்ல காரியம். ஒவ்வொரு வரியாகப் போவோம்.

வரி. 2025 செப்டம்பர் 22 முதல் பைக்குகளுக்கு 350 சிசி என்பது ஒரு கோடு. 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேலே போனால், முன்பு செஸ் சேர்த்து 31 ஆக இருந்தது 40 சதவீதம் ஆனது. வரிக்கு முந்தைய விலை 2 லட்சம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வண்டிக்கு 36,000 ரூபாய் வரி, இன்னொன்றுக்கு 80,000. கோடு தாண்டிய வண்டிகளில் சில கம்பெனிகள் இந்த உயர்வைத் தாங்களே கொஞ்சம் ஏற்றுக்கொண்டன, சில விலையைக் கூட்டின. எனவே பழைய வீடியோவில் கேட்ட விலையை வைத்துப் பேரம் பேசாதீர்கள், இன்றைய விலைப்பட்டியலைக் கேளுங்கள்.

சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 12 சதவீதம். இதில் பேச்சுக்கே இடமில்லை, கட்டித்தான் ஆக வேண்டும்.

இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீடு புது பைக்குக்கு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும், இது 2018 செப்டம்பரிலிருந்து உள்ள விதி. இதிலும் அந்த 350 சிசி கோடு வருகிறது. 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரை ஐந்து வருஷத்துக்கு 7,365 ரூபாய், 350க்கு மேல் 15,117 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆனால் அதை அந்த ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களே வேறு நிறுவனத்திடம் விலை கேட்டு எடுத்து வரலாம். "அப்படியென்றால் டெலிவரி தள்ளிப்போகும்" என்பார்கள். எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் பேச்சு மாறிவிடும். உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உங்களுக்கு வேறு வண்டியிலோ தனியாகவோ ஏற்கெனவே இருந்தால் மறுபடி எடுக்க வேண்டியதில்லை, பாலிசி நகலைக் காட்டினால் போதும்.

நாகப்பட்டினத்துக்காரர் என்பதால் இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிற ஊர் நம்முடையது. வெள்ளத்தில் வண்டி முழுகினால் வழக்கமான முழுக் காப்பீட்டில் இழப்பீடு உண்டு. ஆனால் முழுகிய வண்டியை நீங்கள் ஸ்டார்ட் செய்து, உள்ளே போன தண்ணீர் பிஸ்டனைத் தடுத்து கனெக்டிங் ராடு வளைந்துபோனால், "இது வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, ஸ்டார்ட் செய்ததால் வந்தது" என்று கைவிரிப்பார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இருந்தால்தான் அதற்குப் பணம் கிடைக்கும். பைக்குக்கும் இதைத் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன, அதற்குக் கொடுக்கிற பணம் வீண் இல்லை. தண்ணீரில் நின்ற வண்டியின் ஸ்டார்ட்டர் பட்டனை ஒரே ஒரு முறைகூட அழுத்தாதீர்கள். போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லி, தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ போங்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ். கம்பெனியிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து துடைத்து வைக்கிற செலவு எக்ஸ்-ஷோரூம் விலையிலேயே அடங்கியிருக்கிறது. தனியாகக் கேட்டால், எந்தத் தலைப்பில் வாங்குகிறீர்களோ அந்தத் தலைப்பிலேயே ஜிஎஸ்டி ரசீது தாருங்கள் என்று கேளுங்கள். என் உறவினர் ஒருவருக்குப் பதிவுச் செலவு என்ற பெயரில் கூடுதலாக வாங்கினார்கள். ஆர்டிஓ கட்டண ரசீதை நாங்கள் கேட்டு வாங்கி ஒப்பிட்டோம், இரண்டும் பொருந்தவில்லை. ரசீதைக் காட்டி மேலாளரிடம் உட்கார்ந்து பேசியதும் மிச்சப் பணம் திரும்பி வந்தது. சண்டை போடவில்லை, ரசீதுதான் பேசியது.

ஆக்சசரீஸ். கட்டாயம் என்று எதுவும் இல்லை. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட் ஒன்று வண்டியோடு தர வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது, அதற்குத் தனி விலை போட்டிருந்தால் கேளுங்கள். பெட்டி, கூடுதல் விளக்கு, விண்ட்ஷீல்டு எல்லாம் பிறகு பார்க்கலாம். எஞ்சினுக்கு அடியில் போடுகிற தகடும் கைப்பிடிக் கார்டும் மட்டும் முதல் நாளே போட்டுக்கொள்ளத் தகுந்தவை.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்பதும் இல்லை.

கேள்வி: அண்ணா, திருத்துறைப்பூண்டியில் ஒருவர் 2019 மாடல் ஹிமாலயன் 411 வண்டியை விற்கிறார். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: 411 முரட்டு வண்டி, 2016இல் வந்து 2023 வரை ஓடிய மாடல் என்பதால் வேலை தெரிந்த மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 800 மில்லிமீட்டர் சீட், மெதுவாக ஊர்ந்தாலும் திணறாத எஞ்சின். வாங்கலாம். ஆனால் அது எந்த மழையைப் பார்த்தது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சீட்டைக் கழற்றி ஒயர் சாக்கெட்டுகளைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே பச்சை பூத்திருந்தால் தண்ணீரில் நின்ற வண்டி. ஹெட்லைட்டுக்குள்ளோ மீட்டருக்குள்ளோ மெல்லிய மண்கோடு இருக்கிறதா? எஞ்சின் ஆயில் பால் டீ நிறத்தில் இருக்கிறதா? நடு ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இருபுறமும் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் கடக்கென்று சிக்கினால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங், போயிற்று. சக்கரத்தைச் சுற்றி விட்டுக் காதைக் கொடுங்கள், பேரிங் போயிருந்தால் அரைக்கிற சத்தம் வரும். கடலோரத்தில் ஓடிய வண்டியென்றால் ஸ்போக்குகளின் அடிமுனை, சைலன்சரின் வளைவு, பின் ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கம் இவற்றில் டார்ச் அடித்துப் பாருங்கள். புதுசு மாதிரி மின்னுகிறது என்றால் பெயிண்ட் எப்போது அடித்தார்கள் என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, 2023 ஏப்ரலுக்கு முன் செய்த வண்டிகள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று செய்யப்பட்டவை இல்லை. பெட்ரோல் டியூப், ரப்பர் வாஷர்கள் இறுகி வெடித்திருக்கிறதா என்று பார்த்து, ஐயம் இருந்தால் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கைப் பாதியில் விடாமல் நிரப்பி வையுங்கள்.

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, கடன் பாக்கி, இன்சூரன்ஸ், அபராதம் எல்லாம் பாருங்கள். கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கியதோடு நிற்காமல் ஆர்சி உங்கள் பெயருக்கு மாறும்வரை பின்தொடருங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் களிமண்ணில் ஓட்டிய பிறகு வண்டியை எப்படிக் கழுவுவது? வாட்டர் சர்வீஸ் விடலாமா? (பட்டுக்கோட்டை வாசகர்)

பதில்: அதிவேகத் தண்ணீரை ரேடியேட்டரிலும், வீல் பேரிங், செயின், கோன் செட் பக்கமும் நேராக அடிக்கக் கூடாது. ரேடியேட்டர் தகடுகள் மெல்லிசு, மடங்கிவிடும். களி காயும் முன்பே சாதாரணக் குழாய்த் தண்ணீரில் ஊற வைத்துக் கழுவுங்கள், காய்ந்தால் செங்கல் மாதிரி பிடித்துக்கொள்ளும். ரேடியேட்டரில் அடைத்த சேறுதான் அடுத்த நாள் எஞ்சின் சூடேறக் காரணம். செயினைப் பெட்ரோலில் கழுவாதீர்கள், உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் கெட்டுவிடும். மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷும் போதும். துடைத்துவிட்டு செயின் ஸ்பிரேயோ 90 கியர் ஆயிலோ விடுங்கள். வேதாரண்யம் உப்பளப் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே கழுவ வேண்டும், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

களிமண்ணில் சைடு ஸ்டாண்டு இரவெல்லாம் இறங்கி, காலையில் வண்டி படுத்துக் கிடக்கும். கையகலப் பலகைத் துண்டு ஒன்றைக் கயிறு கட்டி வண்டியிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: புது வண்டி எடுத்தாயிற்று. நண்பர்கள் சேர்ந்து கோடியக்கரைக் காட்டுக்குள்ளும் கடற்கரையிலும் ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார்கள். போகலாமா? இல்லையென்றால் கொள்ளிட மணலில்?

பதில்: கோடியக்கரை 1967 முதல் வனவிலங்கு சரணாலயம். வெளிமான்கள் திரிகிற இடம். வனத்துறை அனுமதித்த பாதையைத் தவிர வேறு எங்கும் வண்டி இறக்கக் கூடாது. நம் கடற்கரையில் தை மாசியில் ஆமைகள் கரையேறி முட்டையிட்டுப் புதைத்து வைக்கின்றன. மேலே மணல்தான் தெரியும், அடியில் இருப்பது தெரியாது. அங்கே டயர் போகக் கூடாது.

கொள்ளிடத்திலும் தனியாக இறங்காதீர்கள். மணல் அள்ளிய குழிகளில் மேலே மணல் மூடி, அடியில் ஈரம் நிற்கிறது, முன்சக்கரம் இறங்கினால் ஹேண்டில்வரை போகும். மேலணையில் தண்ணீர் திறந்தால் சொல்லிக்கொண்டு வராது.

பழக வேண்டுமென்றால் சம்பா அறுவடை முடிந்த பிறகு, மாசி பங்குனியில், காய்ந்து வெடித்த சொந்த வயலில் பழகுங்கள். வரப்பு ஏறி இறங்க, நின்றுகொண்டு ஓட்ட, பின்பிரேக்கில் வழுக்கித் திருப்ப அதைவிட நல்ல மைதானம் கிடையாது. விழுந்தாலும் வைக்கோல்தான். அறுவடைக் காலத்தில் தார்ச் சாலையில் பாதிக்கு நெல் காய்வதையும் நினைவில் வையுங்கள். காய்கிற நெல்லின் மேல் பிரேக் பிடித்தால் ஏபிஎஸ் இருந்தாலும் வண்டி நீளமாக ஓடித்தான் நிற்கும். தூரத்தில் அந்த மஞ்சள் தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்து, நெல்லைத் தொடாமல் ஓரமாகப் போங்கள். உழவுக் காலத்தில் கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர் ரோட்டில் உதிர்த்துவிட்டுப் போகிற சேற்றுக்கட்டிக்கும் இதேதான்.